கவனம் குறையாத ஞானையா

எங்கள் நிலையத்துக்கு ஒரு டிரைவர் தானாக நடந்து வந்து, "எனக்குக் கவனம் குறைஞ்சு போச்சு" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

தென்புறநகர்ப் பேருந்துக் கழகத்தின் முதிர்கவன ஆராய்ச்சி நிலையம் என்பது எங்கள் அலுவலகத்தின் முழுப் பெயர். தாம்பரம் சானடோரியம் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் டயர் கோடவுனாக இருந்த ஓட்டுக் கட்டிடம். மழை பெய்தால் இன்னமும் ரப்பர் நாற்றம் அடிக்கும். வயதாக ஆக டிரைவர்களுடைய கவனம் என்ன ஆகிறது என்று கண்டுபிடிப்பது நிலையத்தின் வேலை. இயக்குநர் ஒருவர், அவருக்கு ஒரு பி.ஏ., அதாவது பர்சனல் அசிஸ்டெண்ட், பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு அட்டெண்டர், தற்காலிக டைப்பிஸ்டாக நான். நால்வரில் யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. இயக்குநர் ஸ்ரீநிவாசராகவன் அதை ஒரு தகுதியாகவே சொல்லுவார். "ஓட்டத் தெரிஞ்சவனுக்கு முன்முடிவு இருக்கும். நமக்கு அது கிடையாது."

நானும் பி.ஏ.தான், படித்து வாங்கியது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர். வேலையில் சேர்ந்த அன்று இயக்குநர் என் பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜெயசீலி. ம். இப்பல்லாம் எல்லாரும் படிக்கறா. சந்தோஷம்" என்றார். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. ஆனால் சம்பளம் தேவைப்பட்டது. டைப் அடிக்க உட்கார்ந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பெயர் ஞானையா. தாம்பரம் டிப்போ. வயது ஐம்பத்தாறு. காக்கிச் சட்டைக் காலரைத் திருப்பித் தைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய கண்டக்டர் ஜமால், விசில் கயிறு பாக்கெட்டிலிருந்து தொங்க, நின்றுகொண்டே இருந்தார்.

"டிப்போவுலயே சொல்லியிருக்கலாமே ஐயா?" என்றேன்.

"சொன்னேம்மா. கவனம் கொறஞ்சிருச்சுன்னு நீயே எப்படிய்யா சொல்லுவே, அதைச் சொல்றதுக்குத்தானே நெலையம் வச்சிருக்குன்னு மேனேஜர் இங்க அனுப்பிட்டாரு."

"என்னாச்சு?"

ஜமால்தான் சொன்னார். "பல்லாவரத்தாண்ட, போன வாரம். சாயங்காலம், லைட்டு போடலாமா வேணாமான்ற நேரம். நான் பின்னாடி டிக்கெட் கிழிச்சுகினு இருக்கேன். பூக்காரம்மா ஒண்ணு கூடையோட ரோட்டைத் தாண்டுது. அண்ணன் பாக்கல. சனம் கத்துன கத்துல பிரேக்கு போட்டாரு. பம்பர் கூடையில இடிச்சு பூவெல்லாம் ரோட்ல. கன்னியம்மான்னு பேரு. அது கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி, 'இன்னா நைனா, கண்ணு கீதா இல்ல அடமானம் வச்சிட்டியா?'ன்னு."

"கேட்டது நியாயந்தானே" என்றார் ஞானையா. "அன்னிலேர்ந்து சோறு எறங்கல. அந்தம்மா ஒரு எட்டு முன்னாடி வச்சிருந்தா?"

கண்ணாடி மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். மாற்றியாயிற்றாம். பகலில் பரவாயில்லையாம். வெளிச்சம் மங்குகிற நேரத்தில்தான் வினை, ரெண்டு வருஷமாகவே. "எதிர்ல லாரிக்காரன் லைட்டை அடிச்சிட்டுப் போனான்னா, அவன் போனப்புறமும் என் கண்ணுக்குள்ள அந்த வெளிச்சம் நிக்குதும்மா. முந்தியெல்லாம் ரோடு மொத்தமும் ஒரே பார்வையில தெரியும். மாடு, சைக்கிள், கொழந்தை, எல்லாம் தனித்தனியா நிக்கும். இப்ப ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணு விட்டுப்போவுது. பாத்தாலும் கால் பிரேக்குக்குப் போறதுக்கு ஒரு யோசனை பண்ணுது."

"அப்ப ரெண்டு வருஷமா எப்படி ஓட்டினீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் சொல்லுவேம்மா" என்றார் ஜமால். "முன்படியில நின்னுகினு சொல்லிகினே வருவேன். லெஃப்ட்ல சைக்கிள்ணே. மாட்டுவண்டி கீதுண்ணே. பொம்பள தாண்டுதுண்ணே. காதுல வுழுந்தா போதும், டக்குனு போட்ருவாரு. ஒரு தப்பு வராது. ஆனா டிக்கெட்டும் நான்தானே கிழிக்கணும்? கூட்டம் ஏறிச்சுன்னா பின்னாடி போயித்தானே ஆவணும்?"

ஞானையா கேட்டது பெரிய விஷயமில்லை. தாம்பரத்திலிருந்து கிண்டி போகும் அந்தச் சாயங்கால டிரிப் வேண்டாம். ரிட்டயர் ஆகும்வரை டிப்போவில் டயர் செக்ஷனில் போட்டால் போதும். "ஒரு உசிரைக் கொன்னுட்டு வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ண முடியாதும்மா" என்றார். எனக்கு இது ஐந்து நிமிட வேலையாகத்தான் தெரிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

இயக்குநர் அறைக்குள் அவரை அழைத்துப் போனேன். சுருக்கெழுத்துப் புத்தகத்தோடு ஓரமாக நின்றுகொண்டேன். இயக்குநருக்குப் பதவி நீட்டிப்பு ஏற்கெனவே இரண்டு தடவை ஆகியிருந்தது. மூன்றாவதுக்குக் கோப்பு போயிருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால், இடது தோள் பக்கம், பர்சனல் அசிஸ்டெண்ட் சத்தியநாதன் குனிந்த மாதிரியே நின்றிருப்பார். பேசமாட்டார், காதில் மட்டும் சொல்லுவார்.

"வாப்பா, தேவசகாயம்" என்றார் இயக்குநர்.

"ஞானையா சார்" என்றது இடது தோள்.

"ஞானையா. குரோம்பேட்டை டிப்போதானே?"

"தாம்பரம் சார்."

"தாம்பரம். தெரியும். என்ன, கவனம் குறைஞ்சுடுத்துன்னு சொல்றியாமே? உனக்கு வயசு என்ன?"

"ஐம்பத்தாறுங்க."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு கருணை வந்தது. "அப்பா, நான் சொல்றதைக் கேளு. கழகத்தோட விதிப்படி ஒரு டிரைவர் ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் வண்டி ஓட்டத் தகுதியுள்ளவன். ஐம்பத்தெட்டு முடியற மாசத்தோட கடைசி நாள், பிற்பகல்ல அந்தத் தகுதி முடியறது. அதாவது விதி என்ன சொல்றது? கவனம் அந்தப் பிற்பகல்லதான் குறையும். அதுக்கு முன்னாடி குறைஞ்சுதுன்னா அது விதிமீறல். நீ விதியை மீறறேங்கறியா?"

"இல்லீங்க. கண்ணுதான்..."

"கண் வேற டிபார்ட்மெண்ட்."

ஞானையா என்னைப் பார்த்தார். நான் சுருக்கெழுத்தைப் பார்த்தேன்.

"இருந்தாலும் விஞ்ஞானம்னு ஒண்ணு இருக்கே" என்று இயக்குநர் பெருந்தன்மையோடு எழுந்தார். "சோதிச்சே பார்த்துடுவோம். சத்தியநாதா, என் மூக்குக்கண்ணாடி?"

"நெத்தியில சார்."

பரிசோதனைக் கூடத்தில் ஒரு மர நாற்காலி. அதற்கு எதிரே மேசையில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு ஸ்டியரிங். காலடியில் ஒரு மிதிகட்டை. சுவரில் மூன்று பல்புகள், சிவப்பு, மஞ்சள், பச்சை. சிவப்பு எரிந்தால் மிதிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் மிதிக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இதற்கு ஒரு கருவி உண்டாம். எங்களிடம் அட்டெண்டர் மாரி இருந்தார், கையில் ஒரு கடிகாரத்தோடு.

சோதனை ஆரம்பித்தபோது கரெண்ட் இல்லை. அந்த வருடம் தாம்பரம் பக்கம் பகலில் கரெண்ட் இருந்தால்தான் செய்தி. நிலையம் அதற்கெல்லாம் அசந்துவிடுவதில்லை. கரெண்ட் வரும்வரை காத்திருந்தால் ஆராய்ச்சி நடக்காது என்பதால், பல்பு எரிய வேண்டிய நேரத்தில் மாரியே வாயால் கத்துவது என்று முந்தின வருடமே ஒரு உத்தரவு போடப்பட்டிருந்தது.

ஞானையா நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"பச்சை!" என்றார் மாரி. "பச்சை! மஞ்சா! பச்சை! செவப்பு!"

மாரியின் வாயிலிருந்து 'செ' வருவதற்குள் மிதிகட்டை தரையில் இடித்தது. மறுபடி செய்தார்கள். மறுபடியும் இடித்தது. நடுவில் திடீரென்று சொன்னார்கள், தாழ்ந்த குரலில் சொன்னார்கள், அடுத்த அறையிலிருந்து சொன்னார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. மாரி கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"யப்பா, இன்னா ஸ்பீடு!"

"சார், இது காதுங்க" என்றார் ஞானையா. அவர் முகம் வெளிறியிருந்தது. "காதுல கேட்டா போட்ருவேன். ரெண்டு வருசமா காதுலதான் ஓட்டிக்கிட்டிருக்கேன். ரோட்ல எவன் சார் செவப்புன்னு கத்துவான்? அந்தப் பூக்காரம்மா கத்தல சார்."

"தன்னடக்கம்" என்று இயக்குநர் என்னிடம் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

அன்றே இன்னொருவரையும் சோதித்தார்கள். ஐசக் என்று ஒரு புது டிரைவர், இருபத்தேழு வயது. கண் கழுகு மாதிரி. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரிலிருந்த சிவப்புப் பல்பையே இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மாரி தொண்டை கிழியக் கத்தினார். பல்பு எரியவில்லை. அவன் மிதிக்கவில்லை.

"ஏம்பா மிதிக்கல?"

"எரியலியே சார்."

எரியாத பல்புக்கும் மிதிப்பவனே முன்னெச்சரிக்கை உள்ளவன் என்று இயக்குநர் விளக்கினார். ஐசக்குக்குக் கவனம் பற்றாது என்று முடிவானது. அவனை வண்டியிலிருந்து இறக்கி டிப்போவில் டயர் செக்ஷனில் போட்டார்கள். இருந்த ஒரே காலியிடம் அதுதான்.

அப்போதும் ஞானையா விடவில்லை. மறுநாள் ஜமாலையே சாட்சி சொல்லக் கூட்டி வந்தார். முன்படியில் நின்று தான் எப்படியெல்லாம் கூவிக்கொண்டு வருகிறேன் என்று ஜமால் நடித்தே காட்டினார். இயக்குநர் ரசித்துப் பார்த்தார். சாட்சி சோதிக்கப்படாத நபர் என்பதால் செல்லாது என்றார். பிறகு, "ஒருத்தர் காதில் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் வேலை பார்க்கறதாவது! கேட்கவே சிரிப்பா இருக்கு" என்று திரும்பி, "இந்தப் பையன் பேர் என்ன?" என்றார்.

"ஜமால் சார்" என்றார் சத்தியநாதன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரத்திலேயே நிலையத்தின் மாபெரும் கண்டுபிடிப்பை நான் ஆறு பிரதி டைப் அடித்தேன். வயது ஏற ஏற டிரைவரின் கவனம் குறைவதில்லை, கூடுகிறது. இதே விதி மற்ற உயர் பொறுப்புகளுக்கும் பொருந்தக்கூடும் என்பதால், அனுபவம் வாய்ந்த அதிகாரிகளின் பதவி நீட்டிப்பைக் கழகம் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று கடைசிப் பத்தி சொன்னது. கடைசிப் பத்தியைத்தான் இயக்குநர் முதலில் சொல்லி எழுதச் சொன்னார். மற்றதெல்லாம் பிறகு வந்தது.

தில்லியிலிருந்து நான்கு நிபுணர்கள் வந்தார்கள். நிலையத்துக்கு முன்னால் பந்தல் போட்டு விழா நடந்தது. ஞானையாவுக்குப் பொன்னாடை போர்த்தி, 'கவனச்சுடர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பொன்னாடைக்குள் அவர் காய்ச்சல்காரர் போல உட்கார்ந்திருந்தார். இயக்குநர் பேசினார்.

"பெரியோர்களே! இளைஞன் ஒரே சமயத்தில் பத்து விஷயங்களைப் பார்க்கிறான். இதற்குப் பெயர் சிதறல். முதிர்ந்தவன் ஒன்றை மட்டுமே பார்க்கிறான். மற்ற ஒன்பதும் அவன் கண்ணில் படுவதே இல்லை. இதற்குப் பெயர்தான் கவனம்! இளைஞன் உடனே முடிவெடுக்கிறான். முதிர்ந்தவன் முடிவெடுப்பதற்குள் பிரச்சினையே கடந்து போய்விடுகிறது. நானே நான்கு வருடமாக ஒரே கோப்பைப் பார்த்து வருகிறேன். ஒரு முறையாவது என் பார்வை அடுத்த கோப்புக்குப் போனதுண்டா? இதோ நம் கண்முன்னே அமர்ந்திருக்கிறாரே, திரு..."

"ஞானையா."

"...ஞானையா! இவர் கண்ணால் பார்த்தா ஓட்டுகிறார்? இல்லை! அனுபவத்தால் ஓட்டுகிறார்!"

கைதட்டினார்கள். தில்லிக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள்தான் அதிகம் தட்டினார்கள்.

விருந்து கிண்டியில். விருந்தினர்களைக் கவனச்சுடரே தன் பஸ்ஸில் அழைத்துப் போவார் என்று இயக்குநர் மேடையிலேயே அறிவித்துவிட்டார். கிளம்பும்போது சூரியன் இறங்கியிருந்தது. ஜமால் வழக்கம் போல முன்படியில் ஏறினார்.

"நீ எதுக்குப்பா?" என்றார் இயக்குநர். "டிக்கெட் இல்லாத பஸ்ஸுக்குக் கண்டக்டர் எதுக்கு?"

"சார், நான் இல்லேன்னா அண்ணன்..."

"இறங்கு."

ஜமால் இறங்கினார். கொஞ்ச தூரம் பஸ்ஸோடு ஓடி வந்தார். பிறகு அவரைக் காணோம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த நேரத்தை நான் தினமும் பார்க்கிறவள்தான். ஆனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. ரோட்டு விளக்கு பாதி எரியவில்லை. குரோம்பேட்டையில் ஷிப்ட் விட்டு சைக்கிள்கள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி வந்தன, ஒன்றிலும் விளக்கில்லை. பின்னால் இயக்குநர் நிபுணர்களுக்கு முதிர்கவனத்தை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். மிக்சர் பொட்டலம் கை மாறிக்கொண்டிருந்தது. ஞானையா வண்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டினார். ஸ்டியரிங்கை மார்போடு அணைத்திருந்தார். பிடரியில் வியர்வை ஓடியது.

"சார்," என்று திரும்பாமல் கூப்பிட்டார், "யாராச்சும் முன்னாடி வந்து லெஃப்ட் சொல்லுங்க சார்."

"பாருங்கள்," என்றார் இயக்குநர் நிபுணர்களிடம், "நம்மையும் கலந்து ஆலோசிக்கிறார்."

நான் எழுந்து முன்படிக்குப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினேன். "லெஃப்ட்ல சைக்கிள்!" என்று கத்தினேன். அது ஏற்கெனவே தாண்டிப் போயிருந்தது. "ஒரு ஆள். இல்ல, ரெண்டு பேர். இல்ல, மாடு!" சொல்ல வேண்டியதை எப்போது சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. ஜமால் இதை எப்படிச் செய்தார், அதுவும் சில்லறை கொடுத்துக்கொண்டு?

எதிரே ஒரு லாரி வந்தது. முழு வெளிச்சம். எனக்கு இருபத்துமூன்று வயது. எனக்கே ஒரு கணம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. வெள்ளை விலகியபோது பம்பருக்கு முன்னால் ஒரு சைக்கிள் இருந்தது, பின்சீட்டில் ஒரு பெண், அவள் மடியில் குழந்தை.

"ஐயா!" என்றுதான் கத்தினேன். சைக்கிள் என்று சொல்லவில்லை, லெஃப்ட் என்று சொல்லவில்லை.

பிரேக் விழுந்தது. நிபுணர்கள் முன்சீட்டுக் கம்பியில் போய் மோதினார்கள். மிக்சர் பஸ் முழுக்க உருண்டது. வெளியே சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அந்தப் பெண் எழுந்து நின்று குழந்தையைத் தடவித் தடவிப் பார்த்தாள். குழந்தை அழுதது. அது அழுததைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சைக்கிள்காரர் எங்களைத் திட்டக்கூட இல்லை. ஹாண்டில்பாரை நேராக்கிக்கொண்டு, மனைவியை ஏற்றிக்கொண்டு, தள்ளாடிக்கொண்டே போய்விட்டார்.

ஞானையா வண்டியை மெதுவாக ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து போய் இயக்குநரிடம் நீட்டினார்.

"என்னப்பா இது? வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் சார் இருக்கு. நான்தான் ரிப்பேர். இதுக்கு மேல ஓட்ட மாட்டேன்."

இயக்குநர் சாவியை வாங்கினார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தில்லி நிபுணர்கள் குரோம்பேட்டை ஸ்டேஷன்வரை நடந்து, மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு கிண்டி போனார்கள். அவர்கள் பிறகு அனுப்பிய அறிக்கையில் நிலையத்தின் முடிவுகளை முழுமனதாக ஏற்பதாகவும், அடுத்த முறை காரில் வருவதாகவும் எழுதியிருந்தார்கள்.

விசாரணை மறுவாரம் நடந்தது. அவமதிக்கப்பட்டது நிலையத்தின் சான்றிதழ் என்பதால் புகார் கொடுத்தவர் இயக்குநர். விஷயம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் விசாரணை அதிகாரியும் இயக்குநர். குற்றச்சாட்டை நான்தான் படித்தேன். நல்ல நிலையிலுள்ள வண்டியைக் காரணமின்றி நிறுத்தியது. நிலையம் சான்றளித்த கவனத்தைத் தன்னிச்சையாகக் குறைத்துக்கொண்டது.

"காரணம் உண்டா?" என்றார் இயக்குநர்.

"கண்ணு தெரியல சார்."

"கவனச்சுடருக்குக் கண் தெரியலைன்னு சொன்னா உலகம் என்ன சொல்லும்? உன்னைப் பத்தி இல்லப்பா, எங்களைப் பத்தி?"

"சார், ஒரு பச்சப்புள்ள..."

"அடிபட்டுதா?"

"இல்லீங்க."

"பார்த்தியா? உன் கவனம் நிரூபணமாயிடுத்து. அப்புறம் ஏன் நிறுத்தினே?"

ஞானையா தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கோபம் வருவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. நான்கு மாதத்தில் அந்தக் கட்டிடம் அதையும் உறிஞ்சிவிட்டிருந்தது.

தண்டனையை இயக்குநர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஞானையா இனி எந்த வண்டியையும் ஓட்டும் கௌரவத்தை இழக்கிறார். கடும் தண்டனையாக, டிப்போவில் டயர் செக்ஷனுக்கு அனுப்பப்படுகிறார். ஐசக்குக்கு மறுபரிசோதனை. நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். ஞானையாவின் தோள் இறங்கியிருந்தது, பாரத்தை இறக்கி வைத்தவருடையது மாதிரி.

"அமலாகும் தேதி," என்றார் இயக்குநர், "வர்ற ஒண்ணாந்தேதி முற்பகல்."

"அதுவரைக்கும் சார்?" என்று நான்தான் கேட்டேன்.

"அதுவரைக்கும் சாயங்கால டிரிப்பை அவனே ஓட்டட்டும். வேற ஆள் இல்லை. தண்டனைன்னா எடுத்த எடுப்பிலே குடுத்துட முடியுமா? முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ. ஆ, அந்தக் கண்டக்டர். அவன் பேர் என்ன?"

"ஜமால் சார்."

"அவன்தான் இவனுக்குத் தப்பான யோசனை எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கான். அவனை இன்னிக்கே கோவிலம்பாக்கம் வண்டிக்கு மாத்து."

ஞானையா டிப்போவுக்குப் போய்ப் புதுக் கண்டக்டரைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் வராந்தாவுக்குத் திரும்பி வந்தார். மாதம் பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

"புதுக் கண்டக்டர் நல்ல பையன்தாம்மா" என்றார். "ஆனா பின்சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டான். சொன்னேன், முன்னாடி நின்னு சொல்றியாப்பான்னு. 'பெரிசு, எனக்கு அது டூட்டி இல்ல'ங்கறான். அவன் சொல்றதும் சரிதானே."

"லீவு போடுங்க ஐயா."

"போட்டேம்மா. விசாரணையில இருக்கறவனுக்கு லீவு கெடையாதாம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு சாயங்காலம் வண்டி எடுக்கணும்."

நான் உள்ளே போய் உத்தரவை டைப் அடித்தேன். பெயர், எண், டிப்போ, தண்டனை, எல்லாம் இயக்குநர் சொன்னபடியே அடித்தேன். அமலாகும் தேதி வந்த இடத்தில் 'இன்று முற்பகல்' என்று அடித்தேன். தவறு செய்கிற மாதிரியே இல்லை, பிழை திருத்துகிற மாதிரி இருந்தது. கையெழுத்துக்குப் போகும் காகிதக் கட்டுக்குள், ஒரு லீவு விண்ணப்பத்துக்கும் பெனாயில் வாங்கும் அனுமதிக்கும் அடியில் சொருகினேன்.

இயக்குநர் கையெழுத்துப் போடும்போது தாளைப் பார்ப்பதில்லை. ஜன்னலைப் பார்ப்பார். ஒவ்வொரு தாளையும் புரட்டி, அது என்ன என்று சத்தியநாதன் அவர் காதில் சொல்லுவார். இயக்குநர் போடுவார்.

"லீவு சார், மாரிக்கு."

போட்டார்.

"பெனாயில் சார்."

போட்டார்.

அடுத்த தாளைச் சத்தியநாதன் புரட்டினார். படித்தார். தேதி இருந்த இடத்தில் அவர் கண் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ வருடமாக அந்தத் தோளுக்குப் பின்னால் நின்று, ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் மூக்குக்கண்ணாடி இருக்கும் இடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த மனிதர். அவருடைய கண்ணைச் சுற்றிக் கருவளையம் இருந்ததை நான் அன்றுதான் கவனித்தேன். உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது.

ஒன்றும் சொல்லாமல் தாளை இயக்குநர் முன்னால் நகர்த்தினார்.

இயக்குநர் ஒரு கணம் காத்திருந்தார். இடது பக்கத்திலிருந்து சத்தம் ஒன்றும் வராததால், அங்கே ஒன்றும் இல்லை என்று முடிவு செய்து, ஜன்னலைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டார்.

உத்தரவை நானே டிப்போவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சாயங்காலம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். நானும் அந்த வழியில்தான் பல்லாவரம் போகிறவள். டிரைவர் இல்லாததால் டிரிப் ரத்து என்று டைம் கீப்பர் வந்து சொன்னார். கூட்டம் கத்தியது.

"இன்னா பேஜாரு இது! ஏன் ரத்து?"

"எவனோ பெரிசாம். வண்டிய நடுரோட்ல வுட்டுட்டுப் போனானாம். தூக்கிட்டாங்களாம்."

"நல்லா வேணும் சோம்பேறிக்கு. நம்மதான் தெருவுல நிக்கறோம்."

எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் கைக்குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அந்த ஆளு நல்லா இருப்பானா?" என்று என்னிடமே கேட்டாள்.

நான் குழந்தையைப் பார்த்தேன். அது வாயில் விரலைப் போட்டுக்கொண்டு, ரோட்டில் வந்த லாரி வெளிச்சத்தை வேடிக்கை பார்த்தது.

"இருப்பாரு" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.